வானிலிருந்து கண்ட நிலம்: ஸ்டாலின்கிராட் போர்விமான ஒப்புருவாக்கியில் நிலக்காட்சியும் வான்பணியும்

ஆய்வுச் சுருக்கம்

இரண்டாம் உலகப்போரை மையமாகக் கொண்ட கணினிவழிப் போர்விமான ஒப்புருவாக்கிகள் விளையாட்டாகவே பெரிதும் நோக்கப்பட்டு வந்துள்ளன. அவற்றுக்கான நிலக்காட்சியை உருவாக்குவதும் வான்பணிகளை அமைப்பதும் வரலாற்றை எழுதும் செயலின் ஒரு வடிவம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கின்றது. 2001ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஐஎல்-2 ஸ்டுர்மோவிக்’ என்னும் ஒப்புருவாக்கியும் அதன் பிற்கால வடிவங்களும் சித்திரிக்கும் ஸ்டாலின்கிராட் களம் ஆய்வுப்பொருளாகக் கொள்ளப்படுகின்றது. நிலத்தை மீட்டுருவாக்குவதில் காட்டப்படும் நுண்மை, அந்நிலத்தில் வாழ்ந்த குடிமக்களைக் குறித்துக் காட்டப்படவில்லை என்பதும், இக்குறை கருவியின் இயலாமையால் மட்டும் நேர்ந்ததன்று என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள். தொல்காப்பியப் பொருளிலக்கணத்தின் முதல், கரு, உரி என்னும் பகுப்பு இவ்வாய்வுக்குத் திறனாய்வுக் கருவியாகப் பயன்படுத்தப்படுகின்றது.

திறவுச் சொற்கள்: போர்விமான ஒப்புருவாக்கி, நிலக்காட்சி, வான்பணி, ஸ்டாலின்கிராட், முதற்பொருள், கருப்பொருள், வரலாற்றெழுத்தியல்

முன்னுரை

சிமுலேட்டர் எனப் பரவலாக வழங்கும் ஒப்புருவாக்கி, ஓர் இயந்திரத்தையோ சூழலையோ கணக்கீட்டின் வழியாக மீண்டும் நிகழ்த்திக் காட்டும் மென்பொருள் ஆகும். போர்விமான ஒப்புருவாக்கியில் விமானத்தின் எடை, இறக்கையின் தூக்குவிசை, இயந்திரத்தின் வெப்பம் ஆகியவை கணக்கிடப்படுகின்றன. ஆனால் விமானம் மட்டும் இருந்தால் போர் இல்லை. அது பறப்பதற்கு ஒரு நிலமும், பறப்பதற்கு ஒரு காரணமும் வேண்டும். முன்னதை நிலக்காட்சி என்றும் பின்னதை வான்பணி என்றும் இக்கட்டுரை சுட்டுகின்றது.

ஒலெக் மேடாக்ஸ் தலைமையிலான உருசியக் குழு உருவாக்கிய ‘ஐஎல்-2 ஸ்டுர்மோவிக்’ தொடக்கத்திலிருந்தே முழுமையான வான்பணி அமைப்புக் கருவியொன்றைப் பயனருக்கு வழங்கியது. 2006இல் அதன் பல பகுதிகளும் ‘1946’ என்னும் பெயரில் ஒருங்கு தொகுக்கப்பட்டன. விளையாடுவோர் பலர் அமைப்போராகவும் மாறினர். போர்க்கால நாட்குறிப்புகளையும் படைப்பிரிவுப் பதிவுகளையும் பழைய வரைபடங்களையும் தேடிப் படித்து, ஒரு குறிப்பிட்ட நாளின் ஒரு குறிப்பிட்ட பறப்பை மீட்டுருவாக்க அவர்கள் உழைத்தனர். வரலாற்றுத் துறைக்கு வெளியே நிகழ்ந்த இவ்வுழைப்பின் விளைவைத் திறனாய்வுக்கு உட்படுத்துவது இன்றியமையாதது. ஸ்டாலின்கிராட் போரைப் பற்றி இளம் தலைமுறையினர் பலர் பெறும் முதல் காட்சி அனுபவம் இத்தகைய மென்பொருள்களின் வழியாகவே அமைகின்றது என்பது இதற்கு ஒரு காரணம். நிலத்தோடு போரை இணைத்து இலக்கணம் வகுத்த ஒரு மரபின் வாசகர்கள் இப்பொருளைக் குறித்துத் தனித்துச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு என்பது மற்றொரு காரணம்.

1. நிலமும் பொழுதும்

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனக் கொண்டார். மாந்தர் செயலைச் சொல்லுமுன் அச்செயல் நிகழும் இடமும் காலமும் நிற்க வேண்டும் என்பது அதன் உட்கிடை. ‘ஐஎல்-2’ வான்பணிக் கோப்பு எளிய எழுத்துக் கோப்பாகும். அதைத் திறந்தால் ‘மெயின்’ என்னும் முதற்பகுதியில் முதலில் காணப்படுவன ‘மேப்’, ‘டைம்’ என்னும் வரிகளே. எந்த நிலம், எந்த நேரம் என்பவை முடிவான பின்னரே எந்த விமானம், எந்தத் தரப்பு என்னும் வினாக்கள் எழுகின்றன. சிறுபொழுது கடிகார நேரமாகவும் பெரும்பொழுது பருவத்திற்கேற்ற நிலப்பரப்பாகவும் இங்கு இடம்பெறுகின்றன. இரு மரபுகளுக்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதுமில்லை. எனினும் முதற்பொருளை முதலில் நிறுத்தும் முறைமை இரண்டிற்கும் பொதுவாக இருப்பதால் ஒன்றைக்கொண்டு மற்றொன்றை அளக்க முடிகின்றது.

1942ஆம் ஆண்டின் ஸ்டாலின்கிராட் நிலத்தை இன்று ஒருவர் புதிதாக உருவாக்க முற்படுவதாகக் கொள்வோம். நிலத்தின் உயரத்தைக் காட்டும் தரவுகளுள் எளிதில் கிடைப்பது, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலத்திலிருந்து ரேடார் மூலம் திரட்டப்பட்ட உலகளாவிய அளவீடாகும். அது காட்டுவது 2000ஆம் ஆண்டின் நிலம். அந்நிலத்தில் டான் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டு 1950களின் தொடக்கத்தில் நிரம்பிய சிம்லியான்ஸ்க் நீர்த்தேக்கம் இருக்கின்றது. அதன் நீர் கலாச் நகர்வரை பரவியுள்ளது. 1942 நவம்பர் 22 அன்று சோவியத் படையினர் கைப்பற்றிய பாலம் கலாச்சை அடுத்தே இருந்தது. ஜெர்மானிய ஆறாம் படையை வளைத்த முற்றுகையின் திருப்புமுனையாகிய அவ்விடத்தின் ஆற்றுப்படுகையை இன்றைய தரவு தட்டையான நீர்ப்பரப்பாகவே காட்டும்.

அதுபோலவே 1952இல் திறக்கப்பட்ட வோல்கா–டான் கால்வாய் போர்க்காலத்தில் இல்லை. நகரின் வடக்கே வோல்காவின் குறுக்கே நிற்கும் பெரும் நீர்மின் அணை 1950களில் கட்டப்பட்டு 1961இல் முழுமை பெற்றது. கிழக்குக் கரையிலுள்ள வோல்ஷ்ஸ்கி நகரம் அவ்வணையையொட்டிப் போருக்குப் பின் தோன்றியது. மமாயெவ் குன்றின்மேல் உயர்ந்து நிற்கும் ‘தாய்நாடு அழைக்கிறது’ சிலை 1967இல் நிறுவப்பட்டது. நகரின் பெயரும் 1961இல் வோல்கோகிராட் என மாறியது.

எனவே நிலக்காட்சி அமைப்பாளரின் முதல் வேலை கழித்தலாகவே அமைகின்றது. அணையை நீக்க வேண்டும். கால்வாயைத் தூர்க்க வேண்டும். நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கும் பள்ளத்தாக்கைப் போர்க்கால வரைபடங்களிலிருந்து மீட்டெடுக்க வேண்டும். பிற்காலத்தவர் இடைச்செருகலை நீக்கி மூலத்தை மீட்கும் பதிப்பாசிரியரின் பணியோடு இது பெரிதும் ஒத்தது. சுவடிப் பதிப்பில் பாடபேதம் எவ்வாறு மதிக்கப்படுகின்றதோ அவ்வாறே ஓர் ஓடையின் வளைவும் ஒரு தொடர்வண்டிப் பாதையின் கிளையும் இங்கு மதிக்கப்படுகின்றன. இவ்வொழுக்கத்தைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது.

2. அளவும் பார்வையும்

மூலத்தை மீட்டபின் அதை எந்த அளவில் எழுதுவது என்னும் வினா எழுகின்றது. பழைய ‘ஐஎல்-2’ நிலவரைபடத்தில் நிலத்தின் வகையைக் குறிக்கும் ஒரு படப்புள்ளி, பக்கத்திற்கு 200 மீட்டர் கொண்ட ஒரு சதுரத்தைக் குறிக்கும். மணிக்கு 400 கிலோமீட்டர் விரைவில் பறக்கும் விமானம் அச்சதுரத்தை இரண்டு நொடிக்குள் கடந்துவிடும். ஆதலின் வானில் இருப்பவருக்கு இந்த அளவு போதுமானது. வோல்காவின் பெருவளைவு, டானின் திருப்பம், புல்வெளியைப் பிளக்கும் பள்ளங்கள் ஆகியவை வழிகாட்டிகளாக அமைகின்றன.

தரையில் இருந்தவருக்கோ 200 மீட்டர் என்பது ஒரு முழுப் போர்க்களம். படை வரைபடங்களில் 102 என்னும் உயர எண்ணால் குறிக்கப்பட்ட மமாயெவ் குன்றுக்காக 1942 செப்டம்பர் முதல் 1943 ஜனவரி வரை இரு தரப்பினரும் போராடினர். தானியக் கிடங்கு, டிராக்டர் ஆலை, பாரிகேடி ஆலை, சிவப்பு அக்டோபர் ஆலை ஆகியவற்றில் ஒரு கூடத்திற்கும் அடுத்த கூடத்திற்கும் இடையிலான தொலைவே போர்முனையாக இருந்தது. தரைப்போரின் உயிர்நாடியான இவ்விடங்கள் வான்வரைபடத்தில் ஒருசில புள்ளிகளாகச் சுருங்குகின்றன. சில கட்டடங்கள் தனியே உருவாக்கி நிறுத்தப்படினும், நகரின் பெரும்பகுதி ஒரே வகைக் கட்டட உருக்களைத் திரும்பத் திரும்ப அடுக்கியே நிரப்பப்படுகின்றது.

இதைக் குறையென்று மட்டும் சொல்லிவிட முடியாது. எல்லா வரைபடமும் தேர்வே. எனினும் இத்தேர்வு எவருடைய கண்ணைப் பின்பற்றியது என்பதை நோக்க வேண்டும். போர்க்காலத்தில் ஸ்டாலின்கிராடை மேலிருந்து ஒழுங்குமுறையாகப் படம்பிடித்தவை உளவு விமானங்கள். அவ்வகை வான்படங்கள் குண்டுவீச்சைத் திட்டமிடுவதற்கும் அதன் விளைவை அளப்பதற்கும் எடுக்கப்பட்டவை. அவற்றை ஆவணமாகக் கொண்டு கட்டப்படும் நிலக்காட்சி, இலக்கைத் தேடிய கண்ணின் முன்னுரிமைகளையும் உடன் பெற்றுக்கொள்கின்றது. ஆலையும் பாலமும் தொடர்வண்டி நிலையமும் தெளிவாகத் தெரியும். கிணறும் சந்தையும் பள்ளியும் பெயரற்ற கூரைகளாகிவிடும்.

3. ஆளில்லாத கருப்பொருள்

தொல்காப்பியர் கருப்பொருளாகத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவற்றைத் தொகுத்துச் சொல்கின்றார். நிலத்தில் வாழ்வோரின் பெயர்களையும் அடுத்துப் பேசுகின்றார். நிலம் என்பது மண் மட்டுமன்று. அதில் விளைவது, மேய்வது, உழைப்பது, வணங்கப்படுவது ஆகிய அனைத்தும் சேர்ந்ததே நிலம் என்பது இத்தொகுப்பின் பொருள். புறத்திணைகளும் இந்நிலங்களோடு இயைத்தே சொல்லப்பட்டன. மதிலை முற்றுவதும் காப்பதுமாகிய உழிஞை, வயலும் ஊரும் செறிந்த மருதத்தின் புறனாக வைக்கப்பட்டது எண்ணத்தக்கது. முற்றுகை என்றாலே உள்ளே குடிகள் இருக்கின்றனர் என்பது அவ்வைப்புமுறையிலேயே அடங்கியுள்ளது.

ஒப்புருவாக்கியின் கருப்பொருள் பட்டியல் வேறு வகையானது. அமைப்புக் கருவி தரும் பொருள்கள் விமானங்கள், பீரங்கிகள், தாங்கிகள், சரக்குந்துகள், தொடர்வண்டிகள், கப்பல்கள், கட்டடங்கள் எனப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் சிவப்பு அல்லது நீலம் என ஒரு தரப்பைச் சார்ந்து நிற்கின்றது. மனித உருவங்கள் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. குதிகுடையில் இறங்கும் விமானி உண்டு. தாக்குதலின்போது சரக்குந்திலிருந்து குதித்தோடும் படைவீரனும் உண்டு. ஆனால் அவர்கள் அனைவரும் படையினர். குடிமக்கள் என்னும் வகை அப்பட்டியலில் இல்லை. கட்டடங்கள் உண்டு, குடியிருப்போர் இல்லை. படகுகள் உண்டு, பயணிகள் இல்லை.

பட்டியலிலிருந்து மற்றொன்றும் விடுபட்டுள்ளது. நாஜிச் சின்னங்களைப் பொதுவெளியில் பயன்படுத்துவதை ஜெர்மானியச் சட்டம் கட்டுப்படுத்துவதால், ஜெர்மானிய விமானங்களின் வாற்பகுதியில் ஸ்வஸ்திகச் சின்னம் இடம்பெறவில்லை. பயனர் பலர் தாமே வரைந்த வண்ணப்பூச்சுகளின் வழி அதைச் சேர்த்துக்கொண்டனர். வரலாற்றுத் துல்லியம் கருதியே அவ்வாறு செய்வதாகக் கூறப்பட்டது. வாலில் ஒரு சின்னம் இல்லாமை வரலாற்றுப் பிழையாக உணரப்பட்ட அளவுக்கு, நகரில் மக்கள் இல்லாமை பிழையாக உணரப்படவில்லை. துல்லியம் என்னும் சொல் இவ்வட்டாரத்தில் எதை அளக்கின்றது என்பதை இவ்வேறுபாடு காட்டிவிடுகின்றது.

4. இலக்கு என்னும் உரிப்பொருள்

நிலமும் பொருளும் அமைந்தபின் வான்பணியை வான்பணியாக்குவது அதன் நோக்கம். அகத்திணைக்கு உரிப்பொருள் எவ்வாறோ அவ்வாறே இங்கு ‘டார்கெட்’ என்னும் பகுதி. பழைய ‘ஐஎல்-2’ எட்டு வகை நோக்கங்களை அளிக்கின்றது: விமானத்தை அழித்தல், தரைப்பொருளை அழித்தல், பாலத்தை அழித்தல், ஓரிடத்தை நோட்டமிடல், துணைசெல்லல், விமானத்தைக் காத்தல், தரைப்பொருளைக் காத்தல், பாலத்தைக் காத்தல். ஒவ்வொன்றுக்கும் முதன்மை, துணை, மறைவு என்னும் தரம் உண்டு. நிலத்தின்மேல் ஒரு வட்டம் வரைந்து, அதனுள் இருப்பவற்றில் எத்தனை விழுக்காடு அழிந்தால் வெற்றி என வரையறுக்கலாம், காலவரம்பும் இடலாம்.

இவ்விலக்கணத்தில் வெற்றி என்பது ஒரு வட்டமும் ஒரு விழுக்காடும் மட்டுமே. வட்டத்துக்கு வெளியே விழுந்த குண்டு கணக்கில் வாராது. 1942 ஆகஸ்ட் 23 அன்று வோல்ஃப்ராம் ஃபான் ரிக்தோஃபன் தலைமையிலான நான்காம் வான்படை ஸ்டாலின்கிராடின்மேல் பெருங்குண்டுவீச்சை நிகழ்த்தியது. நகர மக்களில் பெரும்பாலோர் அதுவரை வெளியேற்றப்படவில்லை. போர் அகதிகளும் நகரில் நிறைந்திருந்தனர். இறந்தோர் தொகையில் வரலாற்றாசிரியரிடையே உடன்பாடு இல்லையெனினும் பல்லாயிரவர் என்றே பொதுவாகக் கூறப்படுகின்றது. தொழிலாளர் குடியிருப்புகளின் மரவீடுகள் எரிந்து, செங்கல் புகைபோக்கிகள் மட்டும் வரிசையாக எஞ்சி நின்றன. அந்நாளின் பறப்புகளை மேற்கண்ட இலக்கணத்தில் எழுதினால் கிடைப்பது ‘தரைப்பொருளை அழித்தல், முதன்மை, 75 விழுக்காடு’ என்னும் வரியே. எழுத்தில் பிழையில்லை, ஆனால் அந்நாளைப் பற்றிச் சொல்லவேண்டியது எதுவும் அவ்வரியில் இல்லை.

இங்கு எழக்கூடிய மறுப்புகள் இரண்டு. முதலாவது, விமானி கண்டதையே ஒப்புருவாக்கி காட்டுகின்றது. 4,000 மீட்டர் உயரத்திலிருந்து மக்கள் தெரிவதில்லை. ஆதலின் மக்கள் இல்லாமை பார்வைக்கு உண்மையானதே என்பது. உயரக் குண்டுவீச்சு விமானத்துக்கு இம்மறுப்பு ஓரளவு பொருந்தும். ஆனால் இவ்வொப்புருவாக்கியின் பெயருக்கு உரிய ஐஎல்-2 தாழப் பறந்து தாக்குவதற்கென்றே கவசமிட்டு உருவாக்கப்பட்ட விமானம். சில நூறு மீட்டருக்கும் கீழே, வேளைகளில் மரங்களின் உயரத்துக்குச் சற்று மேலே பறந்த அதன் விமானி தரையில் ஓடுவோரைக் கண்டார். செங்குத்தாகப் பாய்ந்த ஜெர்மானிய ஸ்டுகா விமானிக்கும் இது பொருந்தும். ஆகவே அவ்விமானங்களின் பார்வைக்கே இவ்வெறுமை உண்மையானதன்று.

இரண்டாவது மறுப்பு கணினியின் ஆற்றலைப் பற்றியது. 2001ஆம் ஆண்டின் கணினி ஆயிரக்கணக்கான மனித உருவங்களை இயக்க இயலாது என்பது மெய். ஆனால் ஒவ்வொரு வான்பணியோடும் பெயர், சுருக்கம், விளக்கம் என்னும் மூன்று உறுப்புகள் கொண்ட ஓர் எழுத்துக் கோப்பும் இணைகின்றது. பறக்குமுன் விளையாடுவோர் படிக்கும் விளக்கம் அதுவே. அதில் நகரில் யார் இருந்தனர் என்று எழுதுவதற்கு எந்தக் கணினி ஆற்றலும் தேவையில்லை. அங்கும் அவர்கள் குறிப்பிடப்படாதபோது, காரணத்தை இயந்திரத்தில் தேடுவதில் பயனில்லை.

5. ஐயத்துக்கு இடமில்லாத எழுத்து

வான்பணிக் கோப்புக்கு வரலாற்றெழுத்து என்னும் நிலையில் மற்றொரு இயல்பும் உண்டு. அது ஐயத்தைப் பதிவு செய்வதில்லை. வளைக்கப்பட்ட ஆறாம் படைக்கு விமானம் வழியாகப் பொருள் வழங்கும் முயற்சி 1942 நவம்பர் இறுதியில் தொடங்கியது. நாளொன்றுக்கு 500 டன் கோரப்பட்டது. 300 டன் அடிப்படைத் தேவையாகக் கருதப்பட்டது. உண்மையில் சென்றடைந்ததோ சராசரியாக ஏறத்தாழ 100 டன் அளவிலேயே நின்றது. இம்முயற்சியின் முதன்மைத் தளமாகிய தட்சின்ஸ்கயா விமானத்தளத்தின்மீது டிசம்பர் 24 அன்று விடியலில் சோவியத் 24ஆம் தாங்கிப்படை பாய்ந்தது. மூடுபனிக்கும் எறிகுண்டுகளுக்கும் இடையே நூற்றுக்கு மேற்பட்ட போக்குவரத்து விமானங்கள் எழும்பித் தப்பின. எஞ்சிய பல அங்கேயே அழிந்தன. எத்தனை என்பதில் இரு தரப்புப் பதிவுகளும் பெரிதும் வேறுபடுகின்றன.

நூலாசிரியர் இவ்விடத்தில் ‘எண்ணிக்கை ஐயத்துக்குரியது’ என ஓர் அடிக்குறிப்பு இட்டு மேற்செல்லலாம். பணியமைப்பாளருக்கு அவ்வுரிமை இல்லை. அவர் ஓடுபாதை ஓரத்தில் இத்தனை யுங்கர்ஸ்-52 விமானங்களை இந்த இடத்தில் நிறுத்தியாக வேண்டும். மூடுபனியின் அடர்த்தியையும் முதல் தாங்கி தோன்றும் நிமிடத்தையும் எண்ணாகத் தந்தாக வேண்டும். ஊகம், சான்று என்னும் வேறுபாடு கோப்பில் இல்லை. இரண்டும் ஒரே வடிவில் ஆயத்தொலைகளாக நிற்கின்றன. பயனருக்கு அவை அனைத்தும் ஒரே உறுதியோடு காட்சியளிக்கின்றன. அச்சிட்ட வரலாற்றை விட ஒப்புருவாக்கியின் வரலாறு மிகுந்த நம்பிக்கையோடு பேசுவது சான்றின் வலிமையால் அன்று, வடிவத்தின் கட்டாயத்தால்.

இக்கட்டாயத்துக்கு ஒரு நற்பயனும் உண்டு. எழுத்தில் மழுப்பிச் செல்லக்கூடிய இடைவெளிகளை அது வெளிப்படுத்திவிடுகின்றது. ஒரு தளத்திலிருந்து ஓர் இலக்கு எத்தனை நிமிடத் தொலைவு, எரிபொருள் திரும்பிவரப் போதுமா, சூரியன் எப்பக்கம் இருந்தது என்னும் வினாக்களை வான்பணி எழுப்பியே தீரும். அதன்வழி சில நினைவுக்குறிப்புகளின் கூற்றுகள் நடைமுறைக்கு ஒவ்வாதவை எனப் புலப்படவும் கூடும். ஆகவே இவ்வடிவத்தை விலக்கவேண்டியதில்லை. அது எங்கே உறுதியாகப் பேசுகின்றது, எங்கே ஊகிக்கின்றது என்பதைத் தன் விளக்கப் பகுதியில் சொல்லுமாறு வேண்டுவதே முறை.

6. தொடக்கமும் மாற்று வாய்ப்பும்

எந்த நாளில் தொடங்குவது என்பதும் கதைக்கூற்றின் தேர்வே. 2014இல் முழுமையாக வெளிவந்த ‘பேட்டில் ஆஃப் ஸ்டாலின்கிராட்’ என்னும் புதிய தலைமுறை ஒப்புருவாக்கியின் முதல் தொடர்பணி, சோவியத் எதிர்த்தாக்குதல் தொடங்கிய 1942 நவம்பர் 19ஐத் தன் தொடக்கமாகக் கொண்டது. அதற்குரிய நிலம் பனி மூடிய நிலமாக இருந்தது. பிற பருவங்களின் நிலப்பரப்புகள் பின்னரே சேர்ந்தன. படைவரலாற்று நோக்கில் இத்தொடக்கம் பொருத்தமானதே. எனினும் அந்நாளில் தொடங்கும் கதையில் நகரம் ஏற்கெனவே இடிபாடு. எவர் கையாலும் இடிக்கப்படாமல், இயற்கையாகவே அவ்வாறு அமைந்ததுபோல் அது காட்சியளிக்கின்றது. ஆகஸ்டின் தீ, நவம்பரின் பனிக்கடியில் மறைந்துவிடுகின்றது.

மாற்றுக்கு வழி உண்டா என்னும் வினாவுக்குக் கருவியே விடை தருகின்றது. எட்டு நோக்கங்களுள் காத்தலும் துணைசெல்லலும் நோட்டமிடலும் உள்ளன. 1942 ஆகஸ்ட் இறுதியில் குடிமக்கள் படகுகளிலும் நீராவிக் கப்பல்களிலும் வோல்காவைக் கடந்து கிழக்குக் கரை சேர முயன்றனர். தாக்குதலுக்குள்ளான கலங்கள் பல. அவற்றுள் ‘இயோசிப் ஸ்டாலின்’ என்னும் பயணியர் கப்பல் பெரும் உயிரிழப்போடு மூழ்கியது. ஆற்றைக் கடக்கும் கலங்களை நாற்பது நிமிடம் காத்தல் என்னும் வான்பணியை, புதிய உருவம் எதுவும் சேர்க்காமல், இருக்கும் பொருள்களைக் கொண்டே அமைக்கலாம். அதில் வெற்றி என்பது வீழ்த்திய விமானங்களின் எண்ணிக்கையன்று. கரை சேர்ந்த கலங்களின் எண்ணிக்கை. கரை சேராதவை எத்தனை என்பதும் பணிமுடிவில் தெரியும். இது அறவுரை கூறும் வான்பணியும் அன்று. அந்நாட்களில் சோவியத் விமானிகள் சிலருக்காவது இருந்திருக்கக்கூடிய கடமையைப் போன்றதே.

புறநானூற்றில் நெட்டிமையார் பாடிய ஒன்பதாம் பாட்டு இங்கு நினைக்கத்தக்கது. முதுகுடுமிப் பெருவழுதியின் போரறத்தைப் புகழும் அப்பாட்டு, அம்பு செலுத்துமுன் ஆக்கள், பார்ப்பனர், பெண்டிர், பிணியுற்றோர், மகப்பேறற்றோர் ஆகியோரை அரண் தேடிச் செல்லுமாறு அறிவிக்கும் வழக்கத்தைக் கூறுகின்றது. அது புகழ்ச்சி, நடந்ததன் பதிவு என அப்படியே கொள்ளவியலாது. பகைவர் ஊரை எரித்தலைப் பாராட்டும் பாடல்களும் அதே தொகையில் உள்ளன. ஆயினும் போரைப் பேசும் எழுத்து, களத்தில் போர் செய்யாதோரும் உளர் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. எரித்தலைப் பாடிய புலவரும் எரிந்தது யாருடைய வயல் என்பதை மறைக்கவில்லை. ஒப்புருவாக்கியின் மொழியில் இல்லாதது இவ்வொப்புகையே.

இவ்வினா ஸ்டாலின்கிராடோடு நின்றுவிடுவதுமன்று. ஜப்பானியக் கப்பற்படை விமானங்கள் 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பையும் ஏப்ரல் 9 அன்று திருகோணமலையையும் தாக்கின. இரண்டாம் நாளில் ‘ஹெர்மிஸ்’ விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. இந்நிகழ்ச்சிகளை வான்பணியாக அமைக்க விரும்புவோருக்குக் கப்பல்களின் இருப்பிடமும் விமானங்களின் எண்ணிக்கையும் ஆவணங்களில் கிடைக்கும. ஆனால் கொழும்புத் தாக்குதலில் அங்கொடை மனநல மருத்துவமனைமேலும் குண்டு விழுந்தது. வானிலிருந்து பார்த்தோர் அதை வேறொன்றாகக் கருதியதே காரணம் எனச் சொல்லப்படுகின்றது. அம்மருத்துவமனையை நிலக்காட்சியில் பெயரற்ற கூரையாக வைப்பவர், அன்று நேர்ந்த பார்வைப் பிழையை மீண்டும் ஒருமுறை செய்தவராவார்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பெறப்படும் கருத்துகள் வருமாறு. நிலக்காட்சி அமைத்தல், பிற்காலச் சேர்க்கைகளைக் கழித்து ஒரு காலத்தின் நிலத்தை மீட்கும் பதிப்புப்பணிக்கு நிகரான உழைப்பு. அதற்குரிய மதிப்பை ஆய்வுலகம் தர வேண்டும். அந்நிலக்காட்சி வானிலிருந்து இலக்குத் தேடிய கண்ணின் அளவையே தன் அளவாகக் கொண்டுள்ளது. அதன் கருப்பொருளில் குடிமக்கள் இல்லை. அதன் உரிப்பொருள் வட்டமும் விழுக்காடுமாகச் சுருங்கியுள்ளது. வான்பணியின் வடிவம் ஐயத்தை மறைத்து உறுதியை மட்டும் காட்டுகின்றது. இவற்றுள் சில தொழில்நுட்ப வரம்பினால் நேர்ந்தவை. பெரும்பகுதி வழக்கத்தினால் நேர்ந்தவை.

துல்லியம் என்னும் அளவுகோலை இவ்வமைப்பாளர்கள் தாமே முன்வைக்கின்றனர். எனவே அவர்களை அவர்கள் அளவுகோலாலேயே அளப்பது நேர்மை. 1952இல் கட்டிய கால்வாய் 1942இன் நிலத்தில் தென்பட்டால் அது பிழையென உடனே திருத்தப்படுகின்றது. 1942இல் அங்கிருந்த மக்கள் அந்நிலத்தில் தென்படாமையும் அதே வகையைச் சேர்ந்த பிழை. முன்னது இல்லாததைக் காட்டுகின்றது. பின்னது இருந்ததை மறைக்கின்றது. இரண்டாவதைத் திருத்துவதற்கு வேண்டியவை விளக்கக் கோப்பில் சில வரிகளும், காத்தலை நோக்கமாகக் கொண்ட சில வான்பணிகளுமே.